குட்டை ஊசியிலை மரங்கள்: தொட்டியிலும் சின்னத் தோட்டத்திலும் வளர்க்க முழு வழிகாட்டி

செம்பருத்திக்கு ஒரு நாள் தண்ணீர் விட மறந்தால் சாயங்காலத்துக்குள் தலையைத் தொங்கப் போட்டுவிடும். நாம் பதறிப்போய் ஒரு குடம் ஊற்றினால் மறுநாள் நிமிர்ந்துகொள்ளும். பைன், ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களிடம் அந்தப் பேச்சே கிடையாது. வேர் காய்ந்தோ அழுகியோ போன பிறகும் வாரக்கணக்கில் ஊசிகள் பச்சையாகவே நிற்கும், பழுப்பு கண்ணில் படும்போது உள்ளே கதை முடிந்திருக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான். தப்பு நடந்த நாளுக்கும் அது தெரியவரும் நாளுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருப்பதால், எதனால் போனது என்றே புரியாமல் அடுத்த மரத்தையும் அதே மாதிரி இழக்கிறார்கள்.

அதனால் இதில் வேலைகளின் வரிசை ரொம்ப முக்கியம். பலரும் மரத்தை வாங்கி வந்த பிறகு தொட்டி தேடுகிறார்கள், அப்புறம் கையில் கிடைத்த மண்ணைப் போடுகிறார்கள், கடைசியில்தான் எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். இதை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். இடம், ரகம், தொட்டி, கலவை எல்லாம் தயாரான பிறகு மரம் வரட்டும்.

1. இடத்தை ஒரு நாள் முழுக்கப் பாருங்கள்

வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பைன், ஜூனிப்பர், ஸ்ப்ரூஸ் மூன்றுக்கும் ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். குறைந்தால் உடனே செத்துவிடாது, ஆனால் கிளைகள் வெளிச்சத்தைத் தேடி நீண்டு, நடுநடுவே இடைவெளி விழுந்து, எந்த அடர்த்திக்கு ஆசைப்பட்டு வாங்கினோமோ அது போய்விடும். ஹினோக்கி சைப்ரஸ் பாதி நிழலில் நன்றாகவே இருக்கும். ஹெம்லாக், யூ இரண்டும் அதைவிட அதிக நிழலையும் தாங்கும்.

தங்க நிற ரகங்களுக்கு வெயில் குறைந்தால் நிறம் வெளிறிப் பச்சையாகிவிடும், உச்சி வெயில் அதிகமானால் நுனி கருகும். காலை வெயில் கிடைத்து பிற்பகலில் நிழல் விழும் இடம்தான் அவற்றுக்குச் சரி.

சுவரோரமாக வைப்பதாக இருந்தால் சுவருக்கும் மரத்துக்கும் நடுவே கை நுழையும் இடைவெளியாவது விடுங்கள். ஊசியிலை மரத்தில் சுவரையோ பக்கத்துச் செடியையோ உரசிக்கொண்டிருக்கும் பகுதி வெளிச்சமில்லாமல் பழுத்து உதிரும். பெரும்பாலான வகைகளில் அந்த இடத்தில் மறுபடி பச்சை வராது. நான் முதலில் வைத்த கூம்பு வடிவ ஸ்ப்ரூஸை மூலையில் ஒட்டி வைத்திருந்தேன், முன்பக்கம் அவ்வளவு அழகு. ஒரு வருடம் கழித்து இடம் மாற்றத் திருப்பியபோது பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை வெறும் குச்சி. அந்தப் பக்கம் கடைசி வரை நிரம்பவேயில்லை.

வீட்டுக்குள் வைக்கலாமா என்றால், வேண்டாம். இவை திறந்தவெளி மரங்கள். விழாவுக்காக உள்ளே கொண்டுவந்தாலும் ஒரு வாரம் பத்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வறண்ட காற்றும் குறைந்த வெளிச்சமும் சேர்ந்து மரத்தை வடித்துவிடும்.

2. குளிர்காலம் உண்டா என்ற கேள்வியை முடித்துக்கொள்ளுங்கள்

ரகம் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இதற்குப் பதில் வேண்டும். ஸ்ப்ரூஸ், ஃபர், மியூகோ பைன் போன்றவை குளிர்நாட்டு மரங்கள். அவற்றுக்கு வருடத்தில் சில மாதம் நிஜமான குளிர் கிடைத்து உறங்கி எழ வேண்டும். குளிர்காலமே இல்லாத இடத்தில் அவற்றை வைத்தால் ஒரு வருடம், இரண்டு வருடம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் துளிர் சிறுத்துக்கொண்டே போய் ஒரு கோடையில் நின்றுவிடும். தண்ணீர் சரியில்லையோ, உரம் போதவில்லையோ என்று அப்போது தேடிப் பயனில்லை.

வெப்பமான இடங்களில் தைரியமாக வைக்கக்கூடியவை கீழைத்தேயத் துஜா, சீன ஜூனிப்பர் ரகங்கள், போடோகார்ப்பஸ் ஆகியவை. துஜாவில் 'ஆரியா நானா' என்ற ரகம் முட்டை வடிவத்தில், மஞ்சளோடிய பச்சையில், சீவி வைத்தாற்போல் நிற்கும். வெட்டிச் சரிசெய்ய வேண்டிய வேலையே அதில் அநேகமாக இல்லை.

கடும் குளிர் உள்ள இடமென்றால் வேறு கணக்கு. தரையில் இருக்கும் வேரை மண் போர்த்திக் காக்கும், தொட்டியில் நாலு பக்கமும் குளிர்தான். அதனால் தொட்டிக்கு வாங்கும்போது உங்கள் பகுதியைவிட இரண்டு குளிர்மண்டலம் (எவ்வளவு குளிரும் என்பதை வைத்து இடங்களைப் பிரிக்கும் வரிசை) அதிகக் குளிரைத் தாங்கும் ரகமாகப் பார்ப்பது வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவுகோல்.

3. 'குட்டை' என்ற சொல்லை நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள்

குட்டை ரகம் என்றால் ஓரளவு வளர்ந்ததும் நின்றுவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நிற்காது. மெதுவாக வளர்கிறது, அவ்வளவுதான். வருடத்துக்கு 2.5 செ.மீ.க்கும் குறைவாக வளர்வதை மிகச்சிறு ரகம் என்றும், 2.5 முதல் 15 செ.மீ. வரை வளர்வதைக் குட்டை ரகம் என்றும் பிரிப்பார்கள். இந்த இரண்டாவது வகையில் ஒரு மரம் பத்து வருடத்தில் 30 செ.மீ. ஆகவும் இருக்கலாம், 150 செ.மீ. ஆகவும் இருக்கலாம். பெயர் ஒன்றுதான். ஆனால் ஒன்று தொட்டிக்கு ஆகும், இன்னொன்று வாசலை அடைத்துக்கொள்ளும்.

செடியோடு வரும் சீட்டில் போட்டிருக்கும் உயரம் பெரும்பாலும் பத்து வருட உயரம். அதற்கு மேலும் அது போய்க்கொண்டே இருக்கும். ஆல்பர்ட்டா குட்டை ஸ்ப்ரூஸ் வருடத்துக்கு 5 முதல் 10 செ.மீ. தான் வளர்கிறது, ஆனால் பல பத்தாண்டு தரையில் நின்றால் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும்.

ரகப் பெயர் முழுமையாக எழுதாத செடியை வாங்காதீர்கள். வெறும் 'மியூகோ பைன்' என்று எழுதியிருந்தால் அது விதையில் முளைத்ததாக இருக்கலாம், எவ்வளவு பெரிதாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 'மாப்ஸ்' என்று ரகப் பெயரோடு இருந்தால் அது தாய்மரத்தின் அச்சு, வளர்ச்சியும் அப்படியே இருக்கும்.

தொடங்குவதற்கு எதை வாங்கலாம் என்று கேட்டால், குளிர் உள்ள இடத்தில் ஜூனிப்பர் 'ப்ளூ ஸ்டார்', உருண்டையாக வளரும் துஜா 'டானிகா', கொஞ்சம் நிழலும் ஈரப்பதமும் இருந்தால் ஹினோக்கி 'நானா கிராசிலிஸ்' ஆகியவற்றைச் சொல்வேன். தூண் மாதிரி ஒல்லியாக நிற்கும் ஜூனிப்பர் 'கம்ப்ரெஸ்ஸா' படத்தில் பார்த்தால் உடனே வாங்கத் தோன்றும், ஆனால் வறண்ட காற்றிலும் செஞ்சிலந்திப் பேன் என்ற நுண்ணிய பூச்சியாலும் சீக்கிரம் அடிபடும். இரண்டாவது, மூன்றாவது மரமாக அதை வைத்துக்கொள்ளலாம்.

4. தொட்டி

வேர்ப்பந்தைவிடச் சுற்றிலும் 3 முதல் 5 செ.மீ. அகலமான தொட்டி போதும். எப்படியும் பெரிதாகப் போகிறதே என்று முதலிலேயே பெரிய தொட்டியில் வைப்பதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் தவறு. வேர் எட்டாத மண்ணில் இருக்கும் ஈரத்தைக் குடிக்க ஆளில்லை. அது நாள்கணக்கில் நசநசவென்று கிடந்து, காற்றில்லாமல் போய், அழுகல் அங்கிருந்து உள்ளே வரும்.

அடியில் ஒரு பெரிய துளை அல்லது மூன்று நாலு சின்னத் துளைகள் கட்டாயம். துளை மேல் வலைத்துண்டு ஒன்று வைத்தால் மண் கொட்டாது, தண்ணீர் தடைபடாது. தொட்டியைத் தரையோடு தரையாக வைக்காமல் மூன்று சில்லுகள் மேல் தூக்கி வையுங்கள். தட்டு வேண்டாம். தட்டில் தேங்கிய தண்ணீர் மறுபடி மேலே ஏறும்.

சுட்ட மண் தொட்டி மூச்சுவிடும், அதனால் தண்ணீர் கொஞ்சம் அதிகமாக விட்டுவிடும் கைக்கு அதுதான் ஏற்றது. ஆனால் உறைபனி விழும் இடத்தில் ஈரம் உறைந்து விரிசல் விடும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்கு வேறு ஆபத்து. வெயில் படும் பக்கம் மண் கொதித்து, அந்தப் பக்க வேர் வெந்துபோகும். வேறு வழியில்லை என்றால் அதை இன்னொரு பெரிய வெளிர்நிறத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள், அல்லது வெயில் பக்கம் ஒரு தாழ்ந்த செடியை நிறுத்தி நிழல் கொடுங்கள். மரத்துக்கு வெயில் வேண்டும், தொட்டிக்கு வேண்டாம்.

5. கலவையை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

தோட்ட மண்ணைத் தொட்டியில் போடாதீர்கள். தரையில் அதே மண் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் கீழே போக ஆழம் இருக்கிறது, மண்புழு இருக்கிறது. ஒரு ஜாண் தொட்டிக்குள் அது நாலு மாதத்தில் இறுகி அடை தட்டிவிடும்.

நான் பயன்படுத்துவது ஐந்து பங்கு பொடித்த பைன் பட்டை, ஒரு பங்கு கோகோபீட் (தென்னைநார்த் தூள்), ஒரு பங்கு பெர்லைட் (வெள்ளையாக, லேசாக இருக்கும் எரிமலைக் கல் துகள்). பட்டைத் துண்டுகள் 3 முதல் 10 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். பட்டை கிடைக்காவிட்டால் 3 முதல் 5 மி.மீ. பொடி ஜல்லி அல்லது பியூமிஸ் (நுரைக்கல்) ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு. எதுவாக இருந்தாலும் சல்லடையில் சலித்துத் தூசியை வெளியே எடுத்துவிடுங்கள். ஜல்லிக்குப் பதிலாக நைஸான மணலைப் போட்டால் எதிர்மாறாகிவிடும். துண்டுகளுக்கு நடுவே காற்று நிற்க வேண்டிய இடத்தை அந்த மணல் அடைத்துக்கொள்ளும்.

கோகோபீட்டில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் வெளிறி வரும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் சில வாரத்தில் ஊசி நுனிகள் வரிசையாகப் பழுக்கும், நீங்கள் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவீர்கள்.

அடியில் கூழாங்கல் பரப்பும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் கெடுதல். சன்னமான கலவையிலிருந்து பெருங்கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மேலே உள்ள கலவை முழுக்க நனைந்து ததும்பினால்தான் இறங்கும். அதாவது தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய ஈரப்படலம் கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடிமுதல் மேல்வரை ஒரே கலவை போடுங்கள்.

நடுவதற்கு முன் ஒரு சோதனை. காலித் தொட்டியில் கலவையை நிரப்பி நனைத்து, மறுபடி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் உள்ளே போய் அடியில் வழிய வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் பெர்லைட்டோ பட்டையோ கூடுதலாகச் சேர்க்க வேண்டும். மரம் உள்ளே போன பிறகு இதைத் திருத்துவது பெரும்பாடு.

6. இப்போது மரத்தை வாங்கலாம்

நாற்றுப் பண்ணையில் முதலில் மரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். அப்புறம் கிளைகளை மெல்ல விலக்கி உள்ளே பாருங்கள். தண்டை ஒட்டிய பழைய ஊசிகள் பழுத்திருப்பது இயல்பு. கிளை நுனிகள் மங்கிச் சாம்பல் பச்சையாக இருந்தால் வேண்டாம். அந்த மங்கல்தான் சாகப்போகும் மரத்தின் முதல் அடையாளம், பழுப்பு அதற்கப்புறம் வருவது.

அடித்தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தண்டும் மண்ணும் ஒன்றாக அசைய வேண்டும், தண்டு மட்டும் தனியாக ஆடினால் வேர் பிடிக்கவில்லை. ஒட்டுக்கட்டிய ரகங்களில், உதாரணமாக நீல ஸ்ப்ரூஸ் 'குளோபோஸா'வில், அடித்தண்டில் ஒரு புடைப்பு இருக்கும். அந்த ஒட்டு எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், நடும்போது அது மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும்.

7. நடவு

நல்ல நேரம் இரண்டு: வெயில் தணிந்து குளிர் தொடங்குவதற்கு முன், அல்லது குளிர் முடிந்து மொட்டு உப்புவதற்கு முன். கொளுத்தும் கோடையில் வாங்க நேர்ந்தால் வாங்கிய தொட்டியிலேயே பாதி நிழலில் வைத்துக் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பில் மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

நடுவதற்கு முதல் நாள் தொட்டியோடு தண்ணீர் வாளியில் இறக்குங்கள். குமிழி வரும், குமிழி நின்ற பிறகு வெளியே எடுத்து வடிய விடுங்கள். காய்ந்த வேர்ப்பந்தைப் புதுக் கலவையில் வைத்தால் அப்புறம் ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள கலவை வழியாகவே ஓடிவிடும், பந்து உள்ளே காய்ந்தபடியே கிடக்கும்.

இங்கே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மற்ற செடிகளுக்கெல்லாம் தாய்மண் உடையாமல் நட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்திருக்கிறோம். தொட்டியில் வருடக்கணக்கில் இருந்த ஊசியிலை மரத்துக்கு அப்படியே செய்தால் அது அந்தப் பழைய உருண்டைக்குள்ளேயே வாழ்ந்து அதற்குள்ளேயே முடிந்துபோகும். மூன்று வருடம் கழித்துச் செத்த ஒரு ஹினோக்கியைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது, புதுக் கலவை பொலபொலவென்று உதிர்ந்து விழுந்தது, அதில் ஒரு வேர்கூட இல்லை. நடுவே பழைய தொட்டியின் வடிவம் அச்சுப் பிசகாமல் அப்படியே இருந்தது. அடியில் வேர்கள் பிரிமணை மாதிரி சுற்றிச் சுற்றிக் கிடந்தன, விரலை நுழைக்க இடமில்லை. நட்ட அன்று பத்து நிமிடம் செலவழித்து அந்தச் சுற்றைப் பிரித்திருந்தால் அந்த மரம் இன்றும் நின்றிருக்கும்.

அதனால் மரத்தை வெளியே எடுத்ததும், முனை மழுங்கிய ஒரு குச்சியால் வெளிச்சுற்றிலும் அடியிலும் 2, 3 செ.மீ. ஆழத்துக்கு மண்ணைக் கோதி வேர்களை வெளிப்பக்கம் பிரித்துவிடுங்கள். அடியில் சுருண்டு தடித்த வேர்களைக் கூரான கத்தரியால் வெட்டிவிடலாம். மையத்தைத் தொடாதீர்கள். மொத்த மண்ணையும் கழுவி வெறும் வேராக்கிவிடுவது இன்னொரு எல்லை, ஊசியிலை மரம் அதைத் தாங்காது. நல்ல பூஞ்சைகள் வேரோடு ஒட்டி வாழ்ந்து உணவு எடுக்க உதவுகின்றன, பைன் மரங்களில் வெள்ளை நூல் மாதிரி அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அழுகல் என்று நினைத்து அதைக் கழுவிவிடாதீர்கள்.

இதெல்லாம் நிழலில், காற்றில்லாத இடத்தில் நடக்கட்டும். பிரித்த வேர் வெயிலில் சில நிமிடத்திலேயே காய்ந்துவிடும், பக்கத்தில் ஈரத்துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேல்மண்ணை விரலால் விலக்கி, தண்டு அகன்று வேராக மாறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பண்ணைகளில் அது பல சமயம் புதைந்தே இருக்கும். அந்த இடம் புது மண் மட்டத்தோடு சமமாக அல்லது ஒரு விரல் மேலே வர வேண்டும். தண்டு புதைந்தால் பட்டை ஈரத்தில் ஊறி அழுகும்.

கலவையைச் சுற்றிலும் போட்டு, குச்சியால் வேர்களுக்கு நடுவே மெல்லக் குத்தி இறக்குங்கள். உள்ளங்கையால் அமுக்காதீர்கள், சலித்துச் சலித்து உண்டாக்கிய காற்றிடமெல்லாம் போய்விடும். விளிம்பிலிருந்து 2, 3 செ.மீ. காலியாக விட்டால் தண்ணீர் நிற்க இடமிருக்கும். அடியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றி, இரண்டு மூன்று வாரம் நேரடி உச்சிவெயில் படாத இடத்தில் வையுங்கள்.

8. தரையில் நடுவதாக இருந்தால்

முதலில் வடிகால் சோதனை. 30 செ.மீ. ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடிய விட்டு, மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ. கூட இறங்காவிட்டால் அங்கே குழியில் நட வேண்டாம், 20 முதல் 30 செ.மீ. உயர்த்திய மேட்டுப்பாத்தி போடுங்கள்.

குழி வேர்ப்பந்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம், ஆழம் மட்டும் பந்தின் உயரமே. ஆழமாகத் தோண்டி மண்ணை நிரப்பினால் அது பிறகு அமுங்கி மரமும் சேர்ந்து இறங்கும். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். குழிக்குள் மட்டும் கொழுத்த உரமண் போட்டால் வேர் அதைவிட்டு வெளியே போகாது. சுற்றிலும் 5 செ.மீ. மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம்.

இடைவெளியைப் பத்து வருட அகலத்தை வைத்துக் கணக்கிடுங்கள். நட்ட அன்று தோட்டம் காலியாகத்தான் தெரியும். அந்தக் காலியிடத்தில் பருவச் செடிகளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவை மரத்தின் மேல் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே கோடையில் ஒரு பக்கத்தை மொட்டையாக்கிவிடும்.

9. தண்ணீர்

நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். ஒரு மரக்குச்சியைத் தொட்டியில் பாதி ஆழம் வரை நிரந்தரமாகச் செருகி வையுங்கள். காலையில் உருவிப் பார்த்து, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறதா, நிறம் கருத்திருக்கிறதா என்று பாருங்கள். கீழ்ப்பாதி ஈரமாக இருந்தால் இன்றைக்கு வேண்டாம். லேசான ஈரம்தான் என்றால் ஊற்றுங்கள். முழுக்கக் காயும்வரை காத்திருக்கக் கூடாது, எப்போதும் சொதசொதவென்றும் வைக்கக் கூடாது. சின்னத் தொட்டியானால் ஊற்றிய உடனேயும் இரண்டு நாள் கழித்தும் தூக்கிப் பார்த்துப் பழகுங்கள், கொஞ்ச நாளில் கை கனத்தை அறிந்துகொள்ளும்.

ஊற்றும்போது அடியில் வழியும்வரை ஊற்றுங்கள். தினமும் அரை டம்ளர் தெளிப்பதில் மேல் இரண்டு அங்குலம்தான் நனையும், ஆழ வேர் தாகத்தில் இருக்கும். ஊற்றிய தண்ணீர் உடனே ஓரமாக ஓடி அடியில் வந்துவிட்டால் உள்ளே காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம், தொட்டியையே வாளியில் இறக்கி ஊறவையுங்கள்.

கோடையில் சின்னத் தொட்டிக்குத் தினமும் தேவைப்படலாம். குளிரில் வாரத்துக்கு ஒரு தடவை போதும், ஆனால் அடியோடு மறந்துவிடக் கூடாது. இலையுதிராத மரம் குளிரிலும் காற்றிலும் ஈரத்தை விட்டுக்கொண்டேதான் இருக்கும். மண் உறையும் இடங்களில் வேரால் தண்ணீர் எடுக்க முடியாமல், வெயிலும் காற்றும் படும் பக்கம் மட்டும் கருகும். உறைபனிக்கு முன் நன்றாக நனைத்து வைப்பதுதான் அதற்கு மருந்து.

உப்புத் தண்ணீரும் கடின நீரும் நாளடைவில் மண்ணைக் காரமாக்கும். இவற்றில் பலவும் லேசான அமில மண்ணை விரும்புபவை, பி.எச். 5.5 முதல் 6.5 வரை. மழைத்தண்ணீர் பிடிக்க முடிந்தால் இவற்றுக்கென்று ஒதுக்குங்கள்.

10. உரம்

தொட்டிக்கு வசந்தத்தில் மெதுவாகக் கரையும் உருண்டை உரம், பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி. தரையில் இருப்பதற்குப் பெரும்பாலும் எதுவுமே வேண்டாம். தழைச்சத்து அதிகமானால் குட்டை ரகம் தன் குணத்தை விட்டு நீளமாகத் துளிர்விடும். புதிதாக நட்ட மரத்துக்கும், நோய்ப்பட்ட மரத்துக்கும் உரம் கொடுக்கவே கூடாது.

11. முதல் வருடம் எதற்குப் பயப்படலாம், எதற்கு வேண்டாம்

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தொட்டியைக் கால்சுற்று திருப்புங்கள். மரம் நாலு பக்கமும் அடர்ந்து வர இது ஒன்றே போதும்.

உள்பக்க ஊசிகள் மஞ்சளாகி உதிர்வது வருடாந்திரக் கழிவு. பைன் தன் ஊசியைச் சில வருடம் வைத்திருந்து உதிர்க்கும். கிரிப்டோமீரியாவும் சில துஜா ரகங்களும் குளிரில் வெண்கல நிறமாக மாறி வெயில் வந்ததும் பச்சைக்குத் திரும்பும். கைவிட்டுப் போய்விட்டது என்று அவற்றைப் பிடுங்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கனத்துவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னக் குச்சியின் பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது.

கவலைப்பட வேண்டியது செஞ்சிலந்திப் பேனுக்கு, குறிப்பாக ஸ்ப்ரூஸில். ஊசிகளில் மாவு தூவினாற்போல் நுண்ணிய வெளிறிய புள்ளிகள், கிளைகளுக்கு நடுவே மெல்லிய நூலாம்படை. ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்குக் கீழே பிடித்து இரண்டு தட்டுத் தட்டி, அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். தூசி கிடந்த இடத்திலேயே கிடக்கும். பேன் என்றால் அந்தத் தூசியில் சில புள்ளிகள் நகர ஆரம்பிக்கும். ஸ்ப்ரூஸைத் தாக்கும் வகை இதமான குளிரில்தான் பெருகுகிறது, சேதம் கோடையில் வெளியே தெரிகிறது. எனவே தாள் சோதனையைக் கோடைக்கு முன்பே செய்யுங்கள்.

இருந்தால், குழாயைப் பீய்ச்சி உள்பக்கமும் அடிப்பக்கமும் நன்றாகக் கழுவுங்கள். சில நாள் இடைவெளியில் நாலைந்து தடவை செய்ய வேண்டும், முட்டை பொரிந்து வருவதால் ஒரு தடவை போதாது. கண்ட பூச்சிமருந்தை அடித்தால் பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும், பேன் இன்னும் பெருகும். நீல ரகங்கள் மேல் எண்ணெய் கலந்த மருந்து எதையும் தெளிக்காதீர்கள். அந்த நீலம் ஊசி மேல் படிந்த மெழுகுப் பூச்சு. எண்ணெய் பட்டால் கரைந்து வெறும் பச்சையாகிவிடும், அடுத்த துளிர் வரும்வரை திரும்பாது.

12. கவாத்து, கொஞ்சமாக

ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: பச்சை இல்லாத பழைய கட்டையில் வெட்டாதீர்கள். ரோஜாவைப்போல் எங்கே வெட்டினாலும் துளிர்க்கும் என்று நினைத்து ஜூனிப்பரையும் துஜாவையும் உள்வரை வெட்டிவிட்டால் அந்த ஓட்டை நிரந்தரம். யூ மாதிரி ஒரு சிலவே பழைய கட்டையிலிருந்து துளிர்க்கும்.

பைனில் வசந்தத்தில் மெழுகுவத்தி மாதிரி குருத்துகள் நீளும். ஊசி விரிவதற்கு முன் விரலால் பாதியை ஒடித்தால் அந்த வருடம் அடர்த்தியாக வரும். கத்தரியால் நறுக்கினால் பக்கத்து ஊசிகள் நுனி வெட்டுப்பட்டுப் பழுக்கும், விரல்தான் நல்லது. ஸ்ப்ரூஸில் புதுத் துளிரைப் பக்க மொட்டுக்குச் சற்று மேலே வெட்டலாம். ஜூனிப்பரில் நீண்ட கிளையை, பச்சையோடு ஒரு பக்கக்கிளை பிரியும் இடம்வரை பின்னுக்கு வெட்டுங்கள். மேலே சமமாகச் சவரம் பண்ணாதீர்கள்.

தள்ளிப்போடக் கூடாத வெட்டு ஒன்று உண்டு. ஆல்பர்ட்டா ஸ்ப்ரூஸில் சில சமயம் திடீரென்று ஒரு கிளை, நீண்ட ஊசிகளோடு, மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் கிளம்பும். அது மூல மரத்தின் குணத்துக்குத் திரும்பிய கிளை. செழிப்பாக இருக்கிறதே என்று விட்டால் மரத்தின் பலமெல்லாம் அதற்கே போய், குட்டைப் பகுதி மெலியும். அது பிறக்கும் அடியிலேயே வெட்டி எடுங்கள். ஒட்டுக்குக் கீழே வரும் துளிரையும் அப்படியே.

வருடத்துக்கு ஒரு தடவை அடர்ந்த மரங்களின் உள்ளே விரல் விட்டு, உதிர்ந்து சிக்கிய ஊசிகளை உலுக்கி எடுங்கள். அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், பேனும் ஒளிந்துகொள்ளும்.

13. தொட்டி மாற்றுதல்

மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை. வருடத்தை எண்ணுவதைவிட அடையாளத்தைப் பாருங்கள்: ஊற்றிய தண்ணீர் முன்னைவிட மெதுவாக இறங்குகிறது, மரம் தொட்டியைவிட்டு மேலே எழும்புகிறது, புதுத் துளிர் வருடா வருடம் குட்டையாகிறது.

மொட்டு உப்புவதற்கு முன் மரத்தை வெளியே எடுத்து, அடியிலும் சுற்றிலுமாக வேர்ப்பந்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். பைனுக்கு இன்னும் குறைவாக எடுங்கள். இந்த வருடம் ஒரு பாதியில் பழைய மண்ணைக் கோதி மாற்றுங்கள், மறு பாதியை அடுத்த தடவைக்கு விடுங்கள். அப்போது பழைய பூஞ்சையும் வேலை செய்யும் வேரும் எப்போதும் பாதியாவது இருக்கும். அளவு போதும் என்று தோன்றினால் அதே தொட்டியிலேயே புதுக் கலவையோடு திரும்ப வையுங்கள், பெரிய தொட்டிக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

வேரைக் குறைத்த வருடம் கிளையில் பெரிய கவாத்து செய்யாதீர்கள். உடைந்த வேரை மறுபடி கட்ட மரத்துக்கு அந்த ஊசிகள்தான் சாப்பாடு. ஒரு மாதம் காற்றும் உச்சிவெயிலும் படாத இடம், குச்சி பார்த்துத் தண்ணீர், உரம் இல்லை. நுனிகளில் வெளிர்ப்பச்சைத் துளிர் நீண்டு வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்தி, பாதி அளவு உரத்தைத் தொடங்குங்கள்.